துளைக்கு வரி

பிப்ரவரி. போர்ட் லூயி.
மேர் ரூஜ் கொட்டகையின் தகரம்
வெயிலில் டிக் டிக்கென்று விரிகிறது.
பெட்டகத்தின் கதவைத் திறந்ததும்
உள்ளிருந்து ஒரு மலையின் குளிர்ச்சி,
அதோடு எலி செத்த நாற்றம்.

"ஆர்துவாஸ்" என்கிறார் முகவர் செலம்பிரம்.
"இருபத்தைந்து பதினான்கு, மதாம் வீராபென்.
பிளந்தது, அறுத்தது, அடுக்கியது.
மனிதன் பெரிதாய் ஒன்றும் செய்துவிடவில்லை."

(வீரப்பன் என்று வந்த பெயரை
இதே கரையில் எவனோ ஒரு எழுத்தன்
ஓரம் தட்டி உள்ளே விட்டிருக்கிறான்.
அதற்கு எந்த அத்தியாயம் என்று நான் தேடியதில்லை.)

மனிதன் ஒன்றும் செய்யாத சிலேட்டுக்கு ஓர் எண்.
செய்ததற்கு இன்னொன்று: அறுபத்தெட்டு பூஜ்யம் மூன்று.
நடுவே நாற்பத்திரண்டு அத்தியாயம் நடக்க வேண்டும்,
மருந்து, சோப்பு, பட்டு, செருப்பு, குடை,
கடைசியாய்ப் பொய்முடி.
மற்றக் கட்டடக் கல்லெல்லாம் பூஜ்யம் இரண்டில்.
அங்கே தலைப்பிலேயே எழுதியிருக்கும்:
சிலேட்டு நீங்கலாக.
படிக்கும்போதெல்லாம்
பந்தியில் ஒருத்தியை மட்டும் எழுப்பிவிட்டது போலிருக்கும்.

ஒரு பலகையை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன்.
மேல் ஓரத்தில் ஆணிக்கென்று இரண்டு துளை.
ஒன்றில் கிரேன் தெரிந்தது.
மற்றதில் செலம்பிரத்தின் ஒரு கண்.

"துளை" என்றேன்.

"துளை என்றால் ஒன்றுமில்லை, மதாம்.
ஒன்றுமில்லாததுக்கா வரி?"

"சும்மா வந்ததா அது?"

அவர் போனை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனார்.
ரிவியேர் நுவாரில் கடல் பார்த்த பதினெட்டு வில்லா,
பதினெட்டுக்கும் சிலேட்டுக் கூரை வேண்டுமாம்.
புயல் வந்தால் ஓடுகள் சீட்டுக்கட்டாய்ப் பறக்கும்,
அது என் இலாகா இல்லை.
கல்லுக்கா பஞ்சம் இந்தத் தீவில்?
கரும்புக்கு நடுவே கறுப்புக் கோபுரமாய்க் குவிந்து கிடக்கிறது,
பொறுக்கிக் குவித்தவர்களுக்குக் கூலி பாதி, கணக்கு பாதி.
அதை யாரும் கூரையில் ஏற்றவில்லை.
ஏற்றவும் முடியாது, பிளக்காது அது.

பதினோராயிரத்து நானூறு பலகை.
பெருக்கல் இரண்டு.
எண்ணிக்கொண்டே போனேன்,
எண்ணத் தேவையில்லை என்று தெரிந்தும்.

ஏழாவது மரப்பெட்டியின் அடியில்
ஒன்று துளையில்லாமல் இருந்தது.
அதில் ஆணியால் கீறிய கோடுகள்.
நான்கு நின்று ஐந்தாவது குறுக்கே படுத்து,
நான்கு நின்று ஐந்தாவது குறுக்கே படுத்து,
ஓரம் வரை.
கடைசிக் கட்டில் மூன்றே மூன்று.
குறுக்குக்கோடு வரவில்லை.

மணி அடித்திருக்கலாம்.
மின்சாரம் போயிருக்கலாம்.
லாரி வந்து, இருந்தபடியே ஏற்றியிருக்கலாம்.

சட்டத்தைப் புரட்டினேன்.
கீறல் வேலைப்பாடு ஆகாது.
எழுதிய பலகை என்று தொண்ணூற்றாறுக்குக் கொண்டுபோகலாமா,
பொத்தானுக்கும் சீப்புக்கும் பக்கத்தில்?
முடியாது, அது எழுதவென்று செய்ததல்ல.
ஆக, இந்தப் பெட்டகத்திலேயே
யாரோ நாள் முழுக்க உழைத்ததைச் சொல்லும் ஒரே கல்
உழைப்புப் படாத கல்.

குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
ஒரு பலகை. துளை இல்லை. இருபத்தைந்து பதினான்கு.
மீதி அறுபத்தெட்டு பூஜ்யம் மூன்று.
கையெழுத்தில் விரல் தூசி சாம்பலாய் ஒட்டியது.

செலம்பிரம் திரும்பி வந்து படித்தார்.
வரியைக் கட்டச் சொல்லிவிட்டார்களாம்.
பிறகு அந்த ஒற்றைப் பலகையைத் திருப்பிப் பார்த்தார்,
கோடுகளை எண்ணினாரா தெரியவில்லை,
உதடு மட்டும் அசைந்தது.

"இதையும் ஏற்றட்டுமா?"

"உங்கள் சரக்குதானே."

"அப்போ சரி.
துளையை நம்ம பையன்களே போட்டுக்குவாங்க."